சர்பஜயாவின் பக்கம் நின்று பார்த்தால்

சத்யஜித் ரேயின் வங்காளப் படம் பதேர் பாஞ்சாலியில் அம்மாவாக வரும் சர்பஜயா கட்டியிருக்கும் சேலை எவ்வளவு நைந்துபோனது என்பது இப்போது நூல் நூலாகத் தெரிகிறது. முன்பு அது வெறும் வெள்ளை. பிரதிக்குப் பிரதி எடுத்த வீடியோ கசெட்டில் அவள் முகம் பாதி நேரம் ஒரு சாம்பல் திட்டு, அதற்குள் இரண்டு கண்கள், அவ்வளவுதான். புதுப்பித்த பிரதியை ப்ளூ-ரேயில் பார்த்து முடித்ததிலிருந்து ஒரு யோசனை மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இத்தனை வருஷமாக இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த வீட்டோடு இருக்கும் கிழவிக்காக உருகுகிறார்கள், மகள் துர்க்காவுக்காக அழுகிறார்கள், அந்த அம்மாக்காரியை மட்டும் கொஞ்சம் கடுகடுத்தவள் என்று ஓரமாக நிறுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அதற்குக் கதையும் ஒரு காரணம்தான். ஆனால் பாதிக் காரணம் பிரதியின் அழுக்கு என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது.

தட்டு வந்து சேர்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பக்கம் பழைய படங்களை விரும்புகிற சிலர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ப்ளூ-ரே தட்டுக்கு உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வட அமெரிக்கா ஏ, இலங்கை சி. அங்கே வாங்கிய தட்டு இங்கே வாங்கிய ப்ளேயரில் ஓடாது. (ஒரே ஊரில் பிறந்தவர்களை எந்த நாட்டுக்காரர் என்று வகை பிரித்து லிஸ்ட் போட்டதைப் பார்த்த, இலங்கைத் தேயிலைத் தோட்டத்து மலையகத்தானுக்கு இதெல்லாம் புதிதா என்ன.) அதனால் மச்சான் டொரொண்டோவிலிருந்து லீவில் வரும்போது தட்டோடு ப்ளேயரையும் சேர்த்தே கொண்டுவந்தான், அதுவும் 230 வோல்ட்டில் வேலை செய்கிறதா என்று பார்த்து. அந்த வீட்டுப் பையன் அப்புவின் கதையைச் சொல்லும் மூன்று படங்களும் ஒரே பெட்டியில்: பதேர் பாஞ்சாலி, அபராஜிதோ, அபுர் சன்சார். பழைய படங்களைப் புதுப்பித்து வெளியிடும் அமெரிக்க நிறுவனமான க்ரைட்டீரியன் 2015இல் வெளியிட்ட பெட்டி. தமிழில் வசன வரி கிடையாது, ஆங்கிலம் மட்டும்தான்.

இந்தப் பிரதி உயிரோடு இருப்பதே பெரிய விஷயம். 1992இல் சத்யஜித் ரேக்குச் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தபோது அவர் படங்களின் நல்ல பிரதிகளைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. அந்த ஏப்ரலிலேயே அவர் இறந்தும் போனார். பிறகு புதுப்பிப்பதற்காக மூல நெகட்டிவ்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். 1993இல் அங்கே ஹெண்டர்சன்ஸ் என்ற பிலிம் லாபில் தீப்பிடித்தது. காப்பாற்றக் கொண்டுபோன இடத்திலேயே எரிந்தது என்றால் என்ன சொல்வது. ஆனால் ஒரு நல்ல காரியம் நடந்தது: கருகியது, ஒட்டிக்கொண்டது, ஓரம் உருகியது என்று எதையும் குப்பையில் போடாமல் அள்ளிக்கொண்டுபோய் அமெரிக்காவில் ஆஸ்கர் கொடுக்கிற அகாடமியின் திரைப்படக் காப்பகத்தில் வைத்தார்கள். இருபது வருஷம் அப்படியே கிடந்தது. அப்புறம்தான் க்ரைட்டீரியன்காரர்கள் அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்து, இத்தாலியில் போலோன்யா நகரத்தில் இதற்கென்றே பேர்போன ஒரு லாபுக்கு அனுப்பினார்கள். காய்ந்து நொறுங்கும் பிலிமை முதலில் ஈரமாக்க வேண்டும். அதற்கு கிளிசரோல் ஒரு பங்கு, அசிட்டோன் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்த ஒரு கரைசல். பழைய டேப்பையும் மெழுகையும் சுரண்டி எடுத்து, பிலிம் ஓரத்தில் பற்சக்கரம் மாட்டும் துளைகள் போன இடங்களில் புதிதாகக் கையாலேயே கட்டி, கிட்டத்தட்ட 1000 மணித்தியாலம் கைவேலை. அதற்குப் பிறகுதான் 4கேயில் ஸ்கேன். பதேர் பாஞ்சாலியில் ஏறக்குறைய 40 வீதத்தை அந்த எரிந்த நெகட்டிவிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். மிச்சம் வேறு காப்பகங்களில் இருந்த நல்ல பிரதிகளிலிருந்து வந்தது. எது எதிலிருந்து வந்தது என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை, நானும் ரொம்ப மெனக்கெடவில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன்.

டிக்கோயாவில் எங்கள் வீட்டில், ஜூன் மாதத்து மழையில், அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். திரையின் இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டிருந்ததைப் பார்த்து டிவியில் ஏதோ கோளாறு என்றார் அம்மா. அந்தக் காலத்துப் படம் சதுரமாகத்தான் இருக்கும் என்றேன். முதல் பத்து நிமிஷம் வசன வரிகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் "நீ பேசாம இரு தம்பி, எனக்கு வெளங்குது" என்று சொல்லிவிட்டார்.

இந்திர் தாக்ருண் என்கிற அந்தக் கூன் விழுந்த கிழவி திரையில் வந்தால் வேறு யாரும் கண்ணில் படமாட்டார்கள். சுனிபாலா தேவிக்கு அப்போது எண்பது வயசு, ஒரு காலத்தில் மேடை நடிகை. பணம் தீர்ந்து தீர்ந்து படப்பிடிப்பு வருஷக்கணக்காக இழுத்தது. துர்க்காவின் தம்பி அப்புவின் குரல் உடையவில்லை, துர்க்கா வளரவில்லை, கிழவி சாகவில்லை, இந்த மூன்றும்தான் படத்தைக் காப்பாற்றிய அதிசயங்கள் என்று ரே பின்னால் சொல்லியிருக்கிறார். துர்க்கா அடுத்த தோட்டத்தில் கொய்யாப்பழம் பொறுக்கிக்கொண்டுவந்து கிழவியின் சட்டியில் போடுவதும், கிழவி அதைத் தடவிப் பார்த்துப் பொக்கை வாயால் சிரிப்பதும் யாரைத்தான் விட்டுவைக்கும்? அந்தச் சிரிப்புக்கு எதிரே நின்று, பிள்ளைகளுக்கே பத்தாத வீட்டில் இவளும் பங்குக்கு வருகிறாளே என்று முணுமுணுக்கிற பெண்ணுக்கு யார் பரிந்து பேசுவார்கள்.

கிழவி கடைசியாகத் திரும்பி வருகிற காட்சி. உடம்புக்கு முடியவில்லை, இங்கேயே இருந்துகொள்ளட்டுமா என்கிறாள். சர்பஜயா முடியாது என்கிறாள். தண்ணீர் கேட்கிறாள், அதையும் அவளே எடுத்துக் குடிக்க வேண்டியிருக்கிறது. குடித்துவிட்டு மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போகிறாள், மூங்கில் தோப்பில் செத்துக் கிடக்கிறாள். பழைய கசெட்டில் இந்தக் காட்சி ஒரு தர்மக் கணக்கு: கிழவி நல்லவள், மற்றவள் கல்நெஞ்சக்காரி. புதுப் பிரதியில் சர்பஜயாவாக நடித்த கருணா பானர்ஜியின் முகம் முழுசாகத் தெரிகிறது, அந்த முகத்தில் ஓடுவது வேறு. கிழவி முதுகைக் காட்டியதும் அந்தக் கண் ஒரு தடவை அசைகிறது, வாய் ஏதோ சொல்ல வந்ததுபோல் இருந்து மூடிக்கொள்கிறது. கூப்பிட்டிருப்பாள். கூப்பிட்டால் இரவைக்கு என்ன சமைப்பது?

அம்மா அந்த இடத்தில்தான் வாயைத் திறந்தார். "எல்லாரும் கெழவிக்குப் பாவப்படுவாங்க. ஒல வைக்கிறவ யாரு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரே காம்பராவில் நாங்கள் ஆறேழு பேர் இருந்த காலத்தில் அப்பாயியும் எங்களோடுதான் இருந்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு அம்மா விடியுமுன் எழும்பி, ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, சேலைக்கு மேல் படங்கைச் சுற்றிக்கொண்டு ஓடுவார். வேலை முடித்து வந்ததும் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் அப்பாயியோடு ஏதாவது ஒரு சண்டை நடக்கும், பெரும்பாலும் சீனிக்கு. எங்களுக்கு அப்பாயி பக்கம்தான் நியாயம், ஏனென்றால் ஒளித்துவைத்துச் சீனி தருகிறவர் அவர். டப்பா காலியாவதை யார் பார்த்தது, அம்மாவைத் தவிர.

சர்பஜயாவின் வேலை எல்லாமே இந்த மாதிரி மற்றவர்கள் பார்க்காத வேலை. அவள் புருஷன் ஹரிஹர் நல்ல மனுஷன்தான், பூசை செய்கிறவன், நாடகம் எழுதப்போகிறேன் என்று கனவு காண்கிறவன், சம்பளப் பாக்கியைக் கேட்பதற்குக்கூடக் கூச்சப்படுகிறவன். நல்ல மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டவளின் பாடு அது. பணம் தேடி அவன் வெளியூர் போனபிறகு மாதக்கணக்கில் தகவல் இல்லை. வீட்டுப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டுபோய் விற்று அரிசி வாங்குகிறாள். கசெட்டில் இந்த இடம் இருட்டு, என்ன நடக்கிறது என்றே தெரியாது. இப்போது தெரிகிறது. அடகுக்கடைக்குப் போகிற பெண் தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, சொந்தக்காரர் யாரும் பார்க்கிறார்களா என்று பஸ் ஸ்டாண்டில் சுற்றுமுற்றும் பார்ப்பாள், ஹட்டனில் எந்த மாதக் கடைசியிலும் பார்க்கலாம். அதே பார்வை.

அடுத்த வீட்டுக்காரி மணிமாலை திருட்டுப்போய்விட்டது என்று வந்து கத்தும்போது சர்பஜயா மகளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வாசலுக்கு வெளியே தள்ளுகிறாள். துர்க்காவின் அழுகைதான் நமக்குக் காதில் நிற்கும். தள்ளிவிட்டுக் கதவடியில் சரிந்து உட்கார்ந்து அழுகிறாளே, அதைத்தான் இந்தத் தடவை பார்த்துக்கொண்டிருந்தேன். பசியைவிட, பக்கத்து வீட்டாள் "இந்த வீட்டுப் பிள்ளை களவெடுக்கும்" என்று சொல்லிவிட்டாளே என்பதுதான் அவளைப் போட்டு அடிக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாலு வசைச் சொல் பத்துக் காம்பராவுக்குக் கேட்கிற இடத்தில் மானம் என்பது சுவர் இல்லாத பொருள்.

ரயில் காட்சியைப் பற்றி எழுதாமல் விட்டால் சண்டைக்கு வருவார்கள். 1952 அக்டோபரில் படப்பிடிப்பின் முதல் நாளே அதுதான், வெள்ளையாகப் பூத்த நாணல் வெளி. அடுத்த ஞாயிறு மிச்சத்தை எடுக்கப் போனால் பூவையெல்லாம் மாடு மேய்ந்துவிட்டிருந்ததாம், அடுத்த வருஷப் பூவுக்காகக் காத்திருந்து முடித்தார்கள். கமரா பிடித்த சுப்ரதா மித்ராவுக்கு 21 வயசு, அதுவரை சினிமா கமராவைத் தொட்டதில்லை. இப்போது ஒவ்வொரு பூவும் தனித்தனியாக ஆடுகிறது, கறுப்புப் புகை அந்த வெள்ளை மேல் படிந்துகொண்டு போகிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இந்தக் காட்சி எப்போதும் மற்றவர்களுக்குப் பிடித்த அளவுக்குப் பிடித்ததில்லை, அதற்குக் காரணம் நாங்கள் வளர்ந்த இடம். எங்கள் மலைநாட்டு ரயில் பாதை, கோப்பியையும் தேயிலையையும் இறக்குவதற்காகப் போட்டது. 1885இல் நானுஓயாவுக்கு வந்து, 1924இல் பதுளையைத் தொட்டது. எங்கள் பிள்ளைகளுக்குக் கோச்சி, அதாவது ரயில், பார்க்க மானாப்புல்லுக்குள் ஓடவேண்டியதில்லை, கோச்சிக்காரர்கள்தான் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். ஜன்னலிலும் கதவிலும் தொங்கிக்கொண்டு போகிற வெள்ளைக்காரர்கள், கொழும்புக்காரர்கள், எல்லோர் கையிலும் போன். இங்கே பாதையோரம் நிற்கிற பிள்ளை கையை ஆட்டும், அதுவும் படத்துக்குள் போய்விடும்.

இதைச் சொல்லும்போது இந்தி நடிகை நர்கிஸ் ஞாபகம் வருகிறார். 1980இல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, ரே இந்தியாவின் வறுமையை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிறார் என்று அவர் தாக்கினார். இன்றைக்கும் அந்தப் பேச்சை இரவல் வாங்கிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மலையகத்தில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்டால் சிரிப்பு வரும். எங்களிடமிருந்து ஏற்றுமதியானது சிரித்த முகம். தேயிலைப் பெட்டியில், சுற்றுலாச் சுவரொட்டியில், பளிச்சென்ற சேலையும் கூடையுமாக, அட்டைக்கடியும் வெடித்த விரலும் தெரியாத தூரத்தில் நிற்கிற பெண். அந்தப் படங்களில் வறுமை கொஞ்சமும் இல்லை, பெண்ணும் இல்லை. ரே கிட்டப்போய் வைத்த கமராவை ஏன் சிலருக்குப் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் புரிகிறது. இன்னொன்று, வறுமையைக் காட்டுகிற படம் தேய்ந்த பிரதியாக இருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. கீறலும் புள்ளியும் விழுந்து ஓடும்போது அது "அந்தக் காலம்" ஆகிவிடுகிறது, பாட்டி கதை ஆகிவிடுகிறது. கீறலைத் துடைத்ததும் சுவர் ஈரம், கூரை ஓட்டை, வாசல் சேறு எல்லாம் நேற்றுப் போய்வந்த வீடாக இருக்கிறது.

புயல் இரவை அப்படித்தான் பார்க்க முடியவில்லை. மழையில் ஆடிய துர்க்காவுக்குக் காய்ச்சல். வெளியே காற்று, கதவு திறந்துவிடாமல் ட்ரங்குப் பெட்டியை இழுத்து முட்டுக்கொடுக்கிறாள் சர்பஜயா. ஜன்னலில் தொங்கும் சாக்குத் துணி உப்பி உப்பி அடங்குகிறது, மாடத்துப் பிள்ளையார் நடுங்குகிறார். ஒரு கை பிள்ளையின் நெற்றியில், ஒரு கண் கதவில். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியபிறகு, இரவு மழைக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரும் நிம்மதியாகப் படுப்பதில்லை. வீட்டுக்குப் பின்னால் மலைச்சரிவு உள்ள எந்த அம்மாவும் இந்தக் காட்சியைச் சினிமா என்று பார்க்கமாட்டாள். என் அம்மா பாதியிலேயே எழும்பிப்போய்ப் பின்கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார், எதற்கென்று நான் கேட்கவில்லை.

துர்க்கா போனபிறகு வருகிற சின்னச் சின்ன விஷயங்கள் வேறு. அதுவரை அக்காவோ அம்மாவோ தலை சீவிவிட்ட அப்பு தானே சீவிக்கொள்கிறான். வெளியே கிளம்பி, வானத்தைப் பார்த்து, திரும்பிவந்து குடையை எடுத்துக்கொண்டு போகிறான். ஒரு குழந்தை பெரியவனாவதை இதைவிடக் குறைவாகக் காட்ட முடியாது.

அப்புறம் ஹரிஹர் வருகிறான். எதுவும் தெரியாமல், வாங்கிவந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறான், கடைசியில் துர்க்காவுக்கென்று ஒரு சேலை. சர்பஜயா அதை வாங்கி வாயோடு சேர்த்துக் கடித்துக்கொண்டு உடைகிறாள். அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. ரே அந்த அழுகையை எடுத்துவிட்டு, தட்சிணாமோகன் தாகூர் வாசித்த தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியத்தை வைத்தார். பழைய கசெட்டில் அந்த இசை ஒரு கீச்சென்ற இரைச்சல், சவுண்டைக் குறைக்கத் தோன்றும். இப்போது அது உயர்ந்து உயர்ந்து போய் நிற்கிற இடம் காதில் விழுகிறது. ரவிசங்கர் இந்தப் படத்தின் இசையை ஒரே அமர்வில் போட்டுக்கொடுத்தார் என்பது தெரிந்த கதைதான். அதிலே இந்த ஒரு முடிவை எடுத்ததற்காகவே ரேயை எத்தனை தடவை வேண்டுமானாலும் கும்பிடலாம். படம் முழுக்கக் கத்துகிறவளாகவே நாம் பார்த்த பெண்ணின் குரலை, அவள் உண்மையாகவே கத்துகிற இடத்தில் எடுத்துவிடுகிறார். அதுவரை தேக்கிவைத்தது எல்லாம் அந்த இசையில்தான் வெளியே வருகிறது.

இந்த மாதிரி ஒரு படத்தை எரிந்த இடத்திலிருந்து மீட்டெடுக்க உலகமே கைகொடுத்தது. எங்கள் கதை எப்படி என்றால், தமிழ்ப் படத் தயாரிப்பாளர் கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான, கொழும்புக்குப் பக்கத்து ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ 1983 ஜூலைத் தமிழர் விரோதக் கலவரத்தில் எரிக்கப்பட்டது. உள்ளே இருந்த நெகட்டிவ்களும் சேர்ந்து போயின. சிங்களப் படங்கள் எடுத்த தமிழ் இயக்குனர் கே. வெங்கட் அதே ஜூலையில்தான் கொல்லப்பட்டார். லண்டனில் நடந்தது விபத்து. கருகியதைப் பொறுக்கி எடுக்கவும் ஆள் இருந்தார்கள். ஹெந்தளைச் சாம்பலை யார் பெட்டியில் போட்டு இருபது வருஷம் வைத்திருப்பார்கள்? தோட்டத்துச் சனத்தின் கதையை வைத்து, தொழிற்சங்கக்காரரான வி. பி. கணேசன் 1975இல் கொண்டுவந்த 'புதிய காற்று' மாதிரி ஒரு படத்தை 4கேயில் பார்க்கும் ஆசை எனக்கு உண்டு. மச்சானிடம் சொன்னேன், அதை எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்டான்.

படத்தின் முடிவில் குடும்பம் ஊரைவிட்டுக் காசிக்குப் போகிறது. சாமான் கட்டும்போதுதான் அப்புவுக்கு அந்தத் திருட்டு மணிமாலை அகப்படுகிறது; அக்கா எடுத்ததுதான். குளத்தில் வீசுகிறான், பாசி விலகி மூடிக்கொள்கிறது. மாட்டுவண்டியில் மூன்று பேரும் முன்னால் பார்த்துக்கொண்டு போகிறார்கள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அம்மா இங்கேதான் அழுதார், துர்க்கா செத்தபோது அழவில்லை. 1964இல் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப்போட்டு எங்கள் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள் இல்லையா, மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருஷம் கழித்து ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அந்தப் பங்கில் பெரியம்மா குடும்பம் அந்தப் பக்கம் விழுந்தது. ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். "இப்பிடித்தான் தம்பி, அக்கா திரும்பிக்கூடப் பாக்கல. எனக்கு அப்ப கோவம். பாத்திருந்தா எறங்கியிருப்பா" என்றார்.

பெரியம்மாவைப் பற்றி அம்மா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ட்ரங்குப் பெட்டியில் என்னென்ன வைத்துக் கட்டினார்கள், யார் யாருக்குச் சட்டி பானையைக் கொடுத்தார்கள், எந்தக் கோழியை யார் வாங்கிக்கொண்டார்கள் என்று நடுச்சாமம்வரை பேச்சு நீண்டது. தட்டு அதுபாட்டுக்கு மெனுவில் சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த தட்டு அபராஜிதோ. அதில் சர்பஜயாவுக்கு என்ன ஆகிறது என்பது எனக்குத் தெரியும். படிக்கப்போன மகன் கல்கத்தாவில் இருக்கிறான், இவள் ஊரில் ரயில் சத்தத்துக்குக் காதுகொடுத்துக்கொண்டு இருக்கிறாள், உடம்பு முடியாததை எழுதவும் இல்லை. கொழும்பில் வேலை செய்துகொண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிற நான் அதை அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிப் பார்ப்பது? மச்சானைப் பார்க்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். அம்மா விடுகிறதாக இல்லை. வரும் போயா, பௌர்ணமி லீவுக்குக் கட்டாயம் போடவேண்டுமாம், அந்தப் பொம்பளை காசியில் என்ன செய்கிறாள் என்று தெரியவேண்டுமாம், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஏற்கனவே சொல்லியாயிற்றாம்.